மின்கம்பி வழியே வகுப்பறைக்கு இணையம்: மலைப் பள்ளி ஒன்றின் அனுபவமும் அதன் அறிவியலும்

"கரண்டு போகிற ஒயரிலேயே இன்டர்நெட்டும் போகுமாமே, உண்மையா சார்?" குறுவள மையப் பயிற்சிகளின் தேநீர் இடைவேளையில் சக ஆசிரியர்கள் என்னிடம் பலமுறை கேட்ட கேள்வி இது. உண்மைதான், போகும். ஆனால் எல்லாச் சுவர்களிலும் போகாது. எவ்வளவு வேகத்தில் போகும் என்பது அந்தக் கம்பியின் உடல்நலத்தைப் பொறுத்தது. பள்ளியின் சிறிய நிதியிலிருந்து சில ஆயிரம் ரூபாய் செலவிடும் முன் இதைப் புரிந்துகொள்வது நல்லது. இதே செய்தி பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்துக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாறுதிசை மின்னோட்டப் பாடத்துக்கும் அருமையான எடுத்துக்காட்டு என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மலையில் இந்தத் தேவை ஏன் எழுகிறது?

நான் குன்னூர்ப் பகுதியில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர். நீலகிரியில் சமதளத்தில் அமைந்த பள்ளிகள் குறைவு. சரிவை வெட்டித் தட்டுத் தட்டாகச் சமன்செய்து, ஒவ்வொரு தட்டிலும் ஒரு கட்டடம் இருக்கும். எங்கள் பள்ளியும் அப்படித்தான். அலுவலகமும் கணினி ஆய்வகமும் மேல் தட்டில். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் கீழ்த் தட்டில், கருங்கல் சுவர் கொண்ட பழைய கட்டடத்தில். இணைய இணைப்பு அலுவலகத்தில் வந்து முடிகிறது. கருங்கல் சுவரையும் இடையிலுள்ள மண் சரிவையும் தாண்டி வைஃபை அலை கீழே வருவதில்லை. 5 கிகா ஹெர்ட்ஸ் அலை ஒரு சுவரிலேயே ஓய்ந்துவிடும். 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலை படிக்கட்டு வரை வரும், வகுப்பறைக்குள் வராது. கைப்பேசிச் சிக்னலும் ஜன்னலோரத்தில் மட்டுமே கிடைக்கும்.

இதனால் யாருக்கு இழப்பு? எட்டாம் வகுப்பு மாணவர்கள் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு எழுதுகிறார்கள். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். எங்கள் மாணவர்களில் பலருக்குப் பெற்றோர் இருவரும் கொழுந்து பறிப்பவர்கள். லைன் வீடுகளில் தனி அறை, தனிக் கைப்பேசி என்ற வசதியெல்லாம் கிடையாது. பயிற்சி வினாக்களையும் காணொலிகளையும் பார்க்க அவர்களுக்கு உள்ள இடம் பள்ளி ஒன்றுதான். மழைக்காலத்தில் வகுப்பை மேலே அழைத்துச் சென்று திரும்பி வருவதற்குள் பாடவேளையில் கால் பகுதி கரைந்துவிடும். இணையத்தைக் கீழே கொண்டுவருவது எங்களுக்கு அந்தக் கால் மணி நேரத்தைத் திரும்பப் பெறும் வேலை.

ஒரே கம்பியில் இரண்டு வேலை

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 50 முழு அலைகள். ஓர் அலை முடிய 20 மில்லி விநாடி ஆகும். இதே கம்பியில் தரவை அனுப்பும் கருவிக்குப் பவர்லைன் அடாப்டர் என்று பெயர். கைப்பேசிச் சார்ஜரைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. எப்போதும் இரண்டாகத்தான் வாங்க வேண்டும். ஒன்றை ரூட்டருக்கு அருகிலுள்ள சாக்கெட்டில் செருகி, இரண்டையும் லேன் கேபிளால் இணைக்க வேண்டும். மற்றொன்றை இணையம் தேவைப்படும் அறையின் சாக்கெட்டில் செருகினால், அங்கிருந்து லேன் கேபிளில் இணையம் வெளியே வரும்.

அடாப்டர் அனுப்பும் தரவு அலைகளின் அதிர்வெண் ஏறத்தாழ 2 முதல் 30 மெகா ஹெர்ட்ஸ் வரை. புதிய வகைகளில் 86 மெகா ஹெர்ட்ஸ் வரை செல்கிறது. 10 மெகா ஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தின் ஓர் அலை முடிவதற்குள் இந்தத் தரவு அலை 2,00,000 முறை துடித்துவிடும். மெதுவாக அசையும் பெரிய அலையின் முதுகில் மிக வேகமான சிற்றலைகள் ஏறிச் செல்வதாக மாணவர்களுக்குச் சொல்லலாம். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. மேற்பொருந்துதல் என்று நாம் பாடத்தில் சொல்வது இதைத்தான்.

மறுமுனையில் இவற்றைப் பிரிப்பது எப்படி? ஒரு மின்தேக்கி அந்த வேலையைச் செய்கிறது. மின்தேக்கியின் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு எதிர்த்தகவில் இருக்கும் என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். 10 நானோ ஃபாரடு மின்தேக்கி ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு ஏறத்தாழ 3,18,000 ஓம். 10 மெகா ஹெர்ட்ஸில் வெறும் 1.6 ஓம். அதிர்வெண் 2 இலட்சம் மடங்கு கூடியதால் மின்மறுப்பு 2 இலட்சம் மடங்கு குறைந்தது. எனவே 230 வோல்ட் மின்சாரம் அந்த வாசலில் ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கப்படுகிறது. தரவு அலை தடையின்றி உள்ளே நுழைகிறது. மாணவர்கள் சூத்திரமாக மட்டுமே எழுதிப் பழகிய ஒன்று, இங்கே ஒரு வாயிற்காவலராக நின்று வேலை செய்கிறது.

மின்தூண்டி இதற்கு நேர்மாறு. அது மெதுவான அலையை விட்டு, வேகமான அலையைத் தடுக்கும். இந்த இரண்டையும் சேர்த்து ஓர் ஏற்பாடு செய்தால், ஒரே கம்பியில் எது எங்கே போக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க முடியும்.

நம் மலைக்குப் பழக்கமான பழைய நுட்பம்

இந்த நுட்பத்தின் மூத்த வடிவத்தை நம் மாணவர்கள் பேருந்து ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். நீலகிரி நீர்மின்சாரத்தின் தாய்வீடுகளில் ஒன்று. பைக்காரா மின்நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. குந்தா நீர்மின் திட்டம் 1960களில் மின்சாரம் தரத் தொடங்கியது. மலையில் பிறக்கும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் சமவெளிக்கு இறங்குகிறது.

இப்படிப்பட்ட உயர் அழுத்தக் கம்பிகளின் இரு முனைகளிலும் உள்ள நிலையங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும். காட்டுக்குள்ளும் பள்ளத்தாக்கிலும் தனியாகத் தொலைபேசிக் கம்பி இழுப்பதற்குப் பதிலாக, மின்கம்பியிலேயே பேச்சையும் பாதுகாப்புச் சமிக்ஞைகளையும் அனுப்பும் முறை உலகெங்கும் பல பத்தாண்டுகளாக உள்ளது. நம் மாநில மின்கட்டமைப்பும் அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறது. இதில் தரவு அலையின் அதிர்வெண் சில பத்து முதல் சில நூறு கிலோ ஹெர்ட்ஸ் வரை. துணைமின் நிலையத்துக்குள் உயர் அழுத்தக் கம்பி நுழையும் இடத்தில் பீப்பாய் போன்ற பெரிய கம்பிச்சுருள் தொங்குவதையோ, தூண்மேல் நிற்பதையோ காணலாம். அதுதான் அலைப் பொறி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உள்ளே விட்டு, பேச்சு அலையை நிலையத்தின் மின்மாற்றிகளுக்குள் கசியாமல் தடுத்து நிறுத்தும் மின்தூண்டி அது. அருகிலுள்ள உயரமான பீங்கான் தூண் போன்ற மின்தேக்கி, தடுக்கப்பட்ட பேச்சு அலையைக் கருவிகளுக்குக் கீழிறக்கித் தருகிறது. இன்று புதிய தடங்களில் ஒளியிழை இந்த வேலையை ஏற்றுக்கொண்டு வருகிறது. எனினும் அந்தக் கம்பிச்சுருள்கள் இன்னும் பல நிலையங்களில் உள்ளன. வேலிக்கு வெளியே நின்று காட்டுங்கள், அது போதும்.

வீட்டுக்குள் இந்த நுட்பம் வந்தது பின்னர்தான். 1975இல் ஸ்காட்லாந்தில் உருவான எக்ஸ்10 என்ற முறை, 120 கிலோ ஹெர்ட்ஸ் துடிப்புகளை வீட்டு மின்கம்பியில் அனுப்பி விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் காட்டியது. மின்னழுத்த அலை சுழியைக் கடக்கும் அமைதியான கணத்தில் அது தன் துடிப்பை அனுப்பியது. விளக்கை அணைக்க அந்த வேகம் போதும், இணையத்துக்குப் போதாது. 2000இல் சில நிறுவனங்கள் சேர்ந்து ஹோம்பிளக் கூட்டமைப்பைத் தொடங்கின. 2001இல் வந்த முதல் தரநிலை விநாடிக்கு 14 மெகாபிட் என்றது. 2005இல் வந்த ஹோம்பிளக் ஏ.வி. 200 மெகாபிட் என்றது. 2010இல் ஐ.இ.இ.இ. 1901 என்ற பன்னாட்டுத் தரநிலை வெளியானது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த ஜி.எச்.என். என்பது இன்னொரு குடும்பம். இரண்டு குடும்பக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசா. ஆகவே இரண்டு அடாப்டர்களும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும்.

இதே கருத்தில்தான் பிரான்சு நாட்டின் ஏறத்தாழ 3.5 கோடி திறன்மிகு மின்மானிகளும் தங்கள் அளவீடுகளை மின்கம்பி வழியே அருகிலுள்ள மின்மாற்றி நிலையத்துக்கு அனுப்புகின்றன.

இரைச்சல் மிகுந்த பாதையில் எப்படிப் பயணம்?

மின்கம்பி தரவுக்காகப் பிறந்ததன்று. விசிறி, குளிர்பதனப் பெட்டி, எல்.இ.டி. விளக்கு, கைப்பேசிச் சார்ஜர் என எல்லாமே அதில் மின் இரைச்சலைக் கொட்டுகின்றன. ஒவ்வொரு கிளைக் கம்பியின் முனையிலும் மோதித் தரவு அலை எதிரொலிக்கிறது. சில அதிர்வெண்களில் இரைச்சல் அதிகம், சிலவற்றில் அலை பாதி வழியிலேயே தேய்ந்துவிடுகிறது. இந்த நிலைமை நிமிடத்துக்கு நிமிடம் மாறவும் செய்கிறது.

இதற்கு அடாப்டர் கண்ட வழியை நம் ஊர்ச் சாலைகளைக் கொண்டு விளக்கலாம். பர்லியார் பக்கம் மண்சரிவு என்றால் குன்னூர்ச் சாலையை மூடி, வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். சாலை பாதி திறந்திருந்தால் சிறிய வண்டிகளை மட்டும் விடுவார்கள். அடாப்டரும் தரவு முழுவதையும் ஒரே சாலையில் அனுப்புவதில்லை. ஹோம்பிளக் ஏ.வி. முறையில் 900க்கும் மேற்பட்ட துணை அலைகள், அதாவது 900 குறுஞ்சாலைகள் உள்ளன. இரு அடாப்டர்களும் ஒவ்வொரு சாலையையும் சோதித்துப் பார்த்து, தெளிவான சாலையில் ஒரு முறைக்கு 10 பிட் வரையும், இரைச்சலான சாலையில் ஒரே ஒரு பிட்டும் ஏற்றுகின்றன. முழுவதும் அடைபட்ட சாலையை விட்டுவிடுகின்றன. நிலைமை மாறினால் கணக்கையும் மாற்றிக்கொள்கின்றன. காலையில் நன்றாக ஓடிய இணைப்பு, பக்கத்து அறையில் ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியதும் மெதுவாவதற்குக் காரணம் இதுதான்.

சில சாலைகள் வேண்டுமென்றே மூடப்பட்டிருக்கும். சுவருக்குள் இருக்கும் மின்கம்பிக்குக் கவச உறை கிடையாது. எனவே அது ஓர் ஆன்டெனாவாகி வானொலி அலையைச் சற்றே கசியவிடும். அமெச்சூர் வானொலி அன்பர்கள் பயன்படுத்தும் அலைவரிசைகளில் இடையூறு கூடாது என்பதற்காக அந்த அதிர்வெண்களை அடாப்டர்கள் தவிர்க்கின்றன. நம் முத்தோரையில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள உதகை வானொலித் தொலைநோக்கி 326.5 மெகா ஹெர்ட்ஸில் கேட்கிறது. அடாப்டர்களின் எல்லைக்கு அது வெகு தொலைவு. ஆனால் இரைச்சல் என்ற சொல்லுக்கு அறிவியலில் என்ன பொருள் என்று விளக்க அதைவிட நல்ல உள்ளூர் எடுத்துக்காட்டு கிடையாது.

பெட்டியின் மேல் உள்ள எண்

கடைப் பெட்டியில் 600, 1000, 1200 என்றெல்லாம் எண்கள் இருக்கும். அவை எல்லாச் சாலைகளும் திறந்திருந்தால் கிடைக்கக்கூடிய கோட்பாட்டு வேகம். நடைமுறையில் அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும், பழைய ஒயரிங்கில் மிகக் குறைவாகவும் இருக்கலாம். பெரிய எண்ணைப் பார்த்து வாங்கும் முன், லேன் துளையின் வேகத்தையும் பாருங்கள். 600 என்று எழுதியிருந்தும் லேன் துளை 100 மெகாபிட் மட்டுமே தருவதாக இருக்கலாம். ஒரே மின்சுற்றில் நான்கு அடாப்டர்கள் செருகினால், இருக்கும் வேகத்தை நான்கும் பங்கிட்டுக்கொள்ளும்.

அதே நேரத்தில் நமக்கு எவ்வளவு தேவை என்பதையும் கணக்கிட வேண்டும். ஒரு திறன்பலகையில் தெளிவான காணொலி ஒன்று ஓட விநாடிக்கு 5 மெகாபிட் இருந்தால் போதும். முப்பது மாணவர்கள் ஒரே திரையைப் பார்க்கும் வகுப்பறைக்கு 20 மெகாபிட் தாராளம். முப்பது பேரும் தனித்தனிக் கணினியில் அமரும் ஆய்வகத்துக்கு இந்த நுட்பம் ஏற்றதன்று.

எங்கெல்லாம் தடைபடும்?

முதலாவது, மின்மாற்றி. தெரு மின்மாற்றியைத் தாண்டித் தரவு அலை போகாது. தனி மின் இணைப்பும் தனி மீட்டரும் கொண்ட இரு கட்டடங்களுக்கு இடையே இதை நம்பவும் கூடாது.

இரண்டாவது, மும்முனை மின்சாரம். பள்ளிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று ஃபேஸ்கள் வந்து, வெவ்வேறு அறைகளுக்குப் பிரிந்து செல்லும். ஒரு ஃபேஸில் ஏற்றிய தரவு மற்றொரு ஃபேஸுக்குப் பலவீனமாகத்தான் தாவும். சில இடங்களில் தாவவே தாவாது.

மூன்றாவது, யு.பி.எஸ்., ஸ்பைக் பஸ்டர் ஆகியவை. இவை இரைச்சலை வடிகட்டவே செய்யப்பட்டவை. தரவு அலையும் அவற்றுக்கு ஓர் இரைச்சல்தான், விழுங்கிவிடும். அடாப்டரை எப்போதும் சுவர்ச் சாக்கெட்டில் நேரடியாகச் செருக வேண்டும்.

நான்காவது, அண்டை வீடு. லைன் வீடுகளைப் போல ஒரே ஒயரிங்கைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் தரவு அலை அடுத்த வீட்டுக்கும் செல்லும். அடாப்டர்கள் தரவை 128 பிட் திறவுகோலால் மறையாக்கம் செய்கின்றன. வாங்கியவுடன் இரண்டிலும் உள்ள இணைப்புப் பொத்தானை அழுத்தி, நமக்கென ஒரு தனித் திறவுகோலை உருவாக்கிக்கொள்ள வேண்டும். செய்யாவிட்டால் ஆலையில் வைத்த பொதுத் திறவுகோலே தொடரும்.

எங்கள் பள்ளியில் செய்து பார்த்தது

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் இப்போது எலக்ட்ரீஷியன். குன்னூரில் தடித்த சுவர் கொண்ட பழைய பங்களாக்கள் தங்கும் விடுதிகளாக மாறியிருப்பதால், அவருக்கு இந்த அடாப்டர்கள் பழக்கம். தலைமையாசிரியரின் அனுமதியோடு, ஒரு சனிக்கிழமை தன்னிடமிருந்த ஓர் இணையைக் கொண்டுவந்தார்.

அலுவலகத்தில் ஒன்றையும் அதே கட்டடத்தின் கடைசி அறையில் மற்றொன்றையும் செருகியதும் உடனே இணைந்தன. கீழ்க் கட்டடத்தில் இணையவில்லை. "ஃபேஸ் வேற சார்" என்றார். மெயின் போர்டைத் திறந்து பார்த்து, கீழ்க் கட்டடத்துக்குப் போகும் அதே ஃபேஸ் கணினி ஆய்வகத்துக்கும் போவதைக் கண்டுபிடித்தார். அலுவலகத்திலிருந்து ஆய்வகத்துக்கு ஏற்கெனவே லேன் கேபிள் இருந்தது. அடாப்டரை ஆய்வகத்துக்கு மாற்றியதும் கீழே விளக்கு எரிந்தது. ஆறாம், ஏழாம் வகுப்பு அறைகளில் காணொலி நிற்காமல் ஓடியது.

எட்டாம் வகுப்பு அறையில் மட்டும் இணைப்பு வந்து வந்து போனது. சார்ஜர்களையும் விளக்குகளையும் அணைத்துப் பார்த்தோம், மாற்றமில்லை. "இந்த லைன்ல எங்கயோ ஜாயின்ட் லூஸ் சார். பாத்துட்டுப் போயிடுறேன்" என்றார். மெயினை அணைத்துவிட்டு, கதவுக்கு மேலிருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். நியூட்ரல் கம்பியின் முறுக்கு தளர்ந்து, அதன் மேலிருந்த உறை கருகிப் பொடியாக உதிர்ந்தது. விளக்கும் விசிறியும் அதுவரை ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் ஐயம் வரவில்லை. கருகிய பகுதியை வெட்டி, புதிய கனெக்டர் போட்டு இறுக்கினார். அதன்பின் இணைப்பு நிலைத்தது. அந்தக் கதவுக்குக் கீழேதான் தினமும் முப்பத்தொரு பிள்ளைகள் நுழைகிறார்கள்.

சற்றுத் தள்ளித் தனி மீட்டருடன் உள்ள புதிய கட்டடத்தில் எதிர்பார்த்தபடியே எதுவும் கிடைக்கவில்லை. அதற்குக் கேபிள்தான் வழி என்று முடிவு செய்தோம்.

கம்பி நலமா?

இந்த அனுபவத்திலிருந்து எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. மின்கம்பியில் இணையம் வருமா என்று கேட்கத் தொடங்கினால், நம் பள்ளியின் ஒயரிங் எப்படி இருக்கிறது என்ற கேள்வியில் போய் நிற்போம். அந்தக் கேள்விதான் முதலாவதாகக் கேட்கப்பட வேண்டியது. தளர்ந்த இணைப்பு தரவு அலையைத் தேய்க்கிறது, பொறி பறந்தால் இரைச்சலையும் உண்டாக்குகிறது. அதே தளர்ந்த இணைப்பு சூடேறித் தீயாகவும் மாறக்கூடும். மழையும் பனிமூட்டமும் சுவரில் ஈரம் ஏற்றும் நம் மலையில் இது இன்னும் கவனத்துக்குரியது.

இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடாது. இணைய வேகம் நன்றாக இருப்பதால் ஒயரிங் பாதுகாப்பானது என்று பொருளன்று. புவித்தொடுப்பு அறுந்திருந்தாலும் பல அடாப்டர்கள் வேலை செய்யும். வேகம் குறைவதற்கு ஒரு மலிவான சார்ஜர்கூடக் காரணமாகலாம். ஒயரிங்கின் நலத்தை அறிய உரிய வழி, தகுதி பெற்ற மின்பணியாளர் மெகர் கருவியால் காப்புத்தடையையும், தனிக் கருவியால் புவித்தொடுப்பையும் அளந்து பார்ப்பதுதான். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. நம் மெயின் போர்டில் உள்ளதா, அதன் சோதனைப் பொத்தான் வேலை செய்கிறதா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இடி மின்னலையும் மறக்கக் கூடாது. கோடை மழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் மின்கம்பி வழியே வரும் மின்னெழுச்சி, அடாப்டரையும் அதனோடு லேன் கேபிளில் இணைந்த கணினியையும் சேர்த்தே பாதிக்கும். மாலையில் பூட்டிச் செல்லும்போது அடாப்டரைக் கழற்றி வைப்பது நல்ல பழக்கம். தனித்தனிக் கட்டடங்களை இணைக்க ஒளியிழைக் கேபிள் சிறந்தது. அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் மின்னெழுச்சி அதன் வழியே பயணிக்காது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

கீழ்க்காணும் செயல்பாடுகள் எதற்கும் மின்சாக்கெட் தேவையில்லை. மாணவர்கள் எக்காரணம் கொண்டும் சாக்கெட்டையோ ஒயரிங்கையோ தொடக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு: ஒரு மாணவர் மேசையை மெதுவாகத் தட்டட்டும், மற்றொருவர் அதே நேரத்தில் விசில் ஊதட்டும். கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்கள் இரண்டையும் தனித்தனியே எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரே காற்றில் இரண்டு ஒலிகள் வந்தும் காது பிரித்தறிகிறது.

ஆறு முதல் எட்டு வரை: நீண்ட கயிற்றின் இரு முனைகளை இருவர் பிடித்து மெதுவாக ஆட்டட்டும். ஒருவர் ஆட்டத்தை நிறுத்தாமலே மணிக்கட்டை வேகமாக உதறட்டும். பெரிய அலையின் மேல் சிற்றலைகள் ஓடுவதைக் காணலாம். இன்னொரு நாள், பேட்டரியில் இயங்கும் பழைய டிரான்சிஸ்டர் வானொலியை மத்திய அலைவரிசையில் வைத்து, எரியும் எல்.இ.டி. விளக்கு அருகிலும் தொலைவிலும் ஆசிரியர் கொண்டுசென்று காட்டலாம். சில விளக்குகளின் அருகே கரகரப்பு கூடுவதைக் கேட்கலாம்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு: மைதானத்தில் எட்டு ஓட்டப் பாதைகள் வரைந்து, சிலவற்றில் பைகளை வைத்துத் தடை ஏற்படுத்துங்கள். தடையில்லாத பாதையில் ஓடுபவர் மூன்று அட்டைகள், தடையுள்ள பாதையில் ஓடுபவர் ஒன்று, முழுதும் அடைபட்ட பாதையில் யாரும் இல்லை. எல்லாரையும் ஒரே எண்ணிக்கையில் எடுத்துச்செல்லச் சொன்னால் எத்தனை அட்டைகள் விழுகின்றன, பாதைக்கேற்ப மாற்றினால் எத்தனை சேர்கின்றன என்று ஒப்பிடச் சொல்லுங்கள். கூடவே, வகுப்பறைச் சாக்கெட்டுகளைத் தொடாமல் தொலைவிலிருந்து பார்த்து, கருகல் அடையாளம், உடைந்த மூடி, ஈரம் படிந்த சுவர் ஆகியவற்றைப் பட்டியலிட வையுங்கள். அந்தப் பட்டியலைத் தலைமையாசிரியர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கலாம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு: மேலே சொன்ன 10 நானோ ஃபாரடு கணக்கைப் பல அதிர்வெண்களுக்குப் போட்டு வரைபடம் வரையட்டும். பின்னர் அலைப் பொறிக்கு மின்தூண்டி ஏன் தேவை என்று அவர்களையே சொல்ல விடுங்கள்.

வாங்கும் முன்

ஒரே கட்டடத்துக்குள் கேபிள் இழுக்க வழி இருந்தால் லேன் கேபிளே முதல் தேர்வு. 100 மீட்டர் வரை நிலையான வேகம் தரும், விலையும் குறைவு. கல்சுவரைத் துளைக்க முடியாத பழைய கட்டடம், ஓரிரு வகுப்பறைகளுக்கு மட்டும் தேவை, ஒரே மீட்டர், ஒரே ஃபேஸ் என்ற நிலையில் பவர்லைன் அடாப்டர் கைகொடுக்கும். வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஓர் இணையை இரவல் பெற்று, எல்லா விளக்குகளும் விசிறிகளும் ஓடும் பள்ளி நேரத்திலேயே சோதித்துப் பாருங்கள். விடுமுறை நாளில் கிடைக்கும் வேகம் பள்ளி நாளில் கிடைக்காமல் போகலாம். கருவியின் பின் வடிவம் நம் சாக்கெட்டுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். தளர்வான மாற்றுப் பின்னைச் செருகி வைப்பது புதிய ஆபத்து. எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஒயரிங்கைச் சோதிக்க உரிய மின்பணியாளரை ஒருமுறை அழையுங்கள். அடாப்டர் வாங்காமலே போனாலும் அந்தச் சோதனை வீணாகாது.